நெஞ்செரிச்சலுக்கும் ஒருங்கிணைந்த மேலாண்மை தேவை

பயிரின் இலையில் ஒரு புள்ளி தோன்றினாலும் உடனே கவனிக்கும் உழவர் பெருமக்கள், தம் நெஞ்சில் நாள்தோறும் எழும் எரிச்சலைப் பொருட்படுத்துவதில்லை. "பித்தம்" என்றோ "வாயு" என்றோ கூறி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வயலுக்குச் சென்றுவிடுகின்றனர். இத்தொல்லைக்கான காரணங்களுள் பல நம் வேலை முறையிலும் உணவு நேரத்திலும் அடங்கியுள்ளன. ஆகவே, இதனை வேளாண்மை இதழில் எடுத்துரைப்பது பொருத்தமே.

எதுக்களிப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

மண் பரிசோதனை செய்தவர்கள் கார அமில நிலையை அறிவார்கள். பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்ற நிலத்தில் இது 6.5 முதல் 7.5 வரை இருக்கும். நம் இரைப்பையில் சுரக்கும் நீரின் கார அமில நிலையோ 1.5 முதல் 3.5 வரைதான். அத்துணை கடுமையான அமிலத்தைத் தாங்க இரைப்பையின் உட்புறத்தில் வழவழப்பான பாதுகாப்புப் படலம் உண்டு. உணவுக்குழாயில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. இவ்விரண்டும் சேருமிடத்தில் ஒரு சுருக்குத் தசை மதகுபோல் அமைந்துள்ளது. உணவு இறங்கும்போது அது திறக்கும், பின்னர் மூடிக்கொள்ளும்.

திருச்சியை அடுத்த முக்கொம்பு மேலணையில் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, கொள்ளிடம் பக்கத்து மதகுகளுள் 9 உடைந்ததை இப்பகுதி உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேக்கி வைக்க வேண்டிய நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது. நீர் கெட்ட பொருளன்று; கதவு தாங்காததால்தான் அது வேண்டாத வழியில் சென்றது. நெஞ்செரிச்சலும் பெரும்பாலும் இத்தகையதே. அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதைவிட, மதகு தளர்வதும் கீழிருந்து அழுத்தம் கூடுவதுமே பலருக்குக் காரணங்களாக உள்ளன.

வயல் வேலையில் உள்ள காரணங்கள்

வயிறு நிறைய உண்ட உடனே குனிந்து களை எடுப்பதும் நெல் மூட்டை தூக்குவதும் இரைப்பையை அழுத்துகின்றன. இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட்டும் அவ்வாறே செய்யும். பகலில் அரை வயிறு உண்டு, இரவு நீர் பாய்ச்சிவிட்டு 10 மணிக்குமேல் வயிறார உண்டு உடனே படுப்பது மிகவும் தீங்கானது. படுத்த நிலையில் அமிலம் எளிதில் மேலேறும்.

புகையிலையும் மதுவும் சுருக்குத் தசையைத் தளர்த்துகின்றன. வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் இத்துடன் வாய்ப் புற்றுநோயையும் தரவல்லது. எண்ணெயில் பொரித்தவை, மிகுந்த காரம், புளிப்பு, வெறும் வயிற்றில் தேநீர் ஆகியவை பலருக்குத் தொல்லையைக் கூட்டும்.

சோடா தீர்வாகுமா?

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். பாசன நீரில் இப்பொருள் மிகுந்தால் நிலம் நாளடைவில் களராக மாறும் என்பதை உழவர்கள் அறிவர். ஒரு தேக்கரண்டி சோடாவில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளது. ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உடையவர்கள் சோடாவை அறவே தவிர்த்தல் வேண்டும். மற்றவர்களுக்கும் அது எரிச்சலைச் சிறிது நேரம் அடக்குமேயன்றி, மதகைச் சீர் செய்யாது.

முதலில் உழவியல் முறைகள்

ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பில் முதலில் உழவியல் முறைகளைக் கையாளுகிறோம். மருந்து பிறகே வருகிறது. இங்கும் அவ்வரிசையே நல்லது.

1. ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாமல், சிறிது சிறிதாகப் பிரித்து உண்ணவும். நடவுக்குச் செல்லும் பெண்கள் தேநீரை மட்டும் அருந்திவிட்டுக் கிளம்பாமல், சிறிதளவேனும் உண்டு செல்ல வேண்டும்.

2. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 2 முதல் 3 மணி நேரம் இருக்கட்டும். இரவில் நீர் பாய்ச்ச வேண்டிய நாளில், புறப்படுமுன்பே உண்டுவிடலாம்.

3. உண்ட பின் குனிந்து செய்யும் வேலையைச் சற்றுத் தள்ளிவைத்து, வரப்பைச் சுற்றிப் பார்ப்பது போன்ற நின்று செய்யும் வேலைகளைக் கவனிக்கவும்.

4. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கற்களை அசையாமல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்தவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது.

5. உடல் எடை மிகுந்தவர்கள் எடையைக் குறைத்தால் நல்ல பயன் கிடைக்கும்.

எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்குப் புளியோதரை, மற்றொருவருக்குப் பூவன் பழம் எரிச்சல் தரலாம். வயலில் புதிய இரகத்தைச் சிறு பாத்தியில் சோதிப்பதுபோல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் குறித்து வாருங்கள். எல்லாவற்றையும் ஒருங்கே விலக்கினால், எது காரணம் என்று தெரியாமலே போகும்.

மருந்து எப்போது?

பூச்சி மருந்து தெளிப்பதற்குப் பொருளாதாரச் சேதநிலை என்ற எல்லை இருப்பதுபோல் இதற்கும் ஓர் எல்லை கொள்ளலாம். வாரத்தில் இரு முறைக்கு மேல் எரிச்சல் வந்து, மேற்கண்ட முறைகளாலும் சில வாரங்களில் தணியாவிடில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகவும். கடையில் தாமே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது தவறு. இடுப்பு வலிக்காக வாங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. அவற்றை உண்பதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

காலம் தாழ்த்தக் கூடாதவை

நெஞ்சில் பாரம் அழுத்துவதுபோல் வலித்து, கை, தோள் அல்லது தாடைக்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ அது மாரடைப்பாக இருக்கலாம். சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்கவும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் கடும் வலி இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு.

பூச்சி மருந்து தெளித்த நாளில் குமட்டல், வயிற்று வலி, எச்சில் மிகுதல், வியர்வை ஆகியவை தோன்றினால் அதைப் பித்தம் என்று எண்ணக் கூடாது. அது நஞ்சேறியதன் அறிகுறி. உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உணவு விழுங்கத் தடை, காரணமின்றி எடை குறைதல், கருநிற மலம், இரத்த வாந்தி ஆகியவற்றுள் எது இருப்பினும் உடனடியாகப் பரிசோதனை தேவை.

மடை சீராக இருந்தால்தான் நீர் உரிய வயலுக்குப் பாயும். உண்ணும் நேரத்தையும் படுக்கும் முறையையும் இன்றே ஒழுங்கு செய்யுங்கள். இதற்குப் பெரும் செலவில்லை. தலைமாட்டுக்குச் சில செங்கற்களும் சிறிது கட்டுப்பாடுமே வேண்டும்.