வண்ணச் சொக்லேட் ஐசிங்: இலாபத்தைக் கரைக்கும் ஒரு துளி நீர்

வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பது நம்மவர் பலருக்கு நல்லதொரு வருமான வழி. பிறந்தநாள், திருமணம், பெருநாள் என ஓடர்கள் வருகின்றன. நிறம் நிறமான சொக்லேட் ஐசிங் கேட்பவர்களும் பலர். ஆனால் இதில் நேரும் ஒரு சிறு தவறு அந்த ஓடரின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

உருக்கிய வெள்ளைச் சொக்லேட்டில் சாதாரண திரவக் கலரை ஊற்றுவதே அந்தத் தவறு. சொக்லேட் என்பது கொழுப்பினுள் சீனியும் பால்மாவும் நுண்துகள்களாகக் கலந்திருக்கும் பண்டம். அதில் சிறிதளவு நீர் பட்டாலும் சீனித் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழுவழுப்பாக இருந்த சொக்லேட் சில விநாடிகளில் களிமண் போல இறுகிவிடும். ஈரக் கரண்டியும் பாத்திரத்திலிருந்து எழும் நீராவியும் கூட இதைச் செய்யும்.

எனவே தனிச் சொக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் கலரையோ, சொக்லேட்டுக்கென விற்கப்படும் தூள் கலரையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

பட்டர் ஐசிங் செய்முறை

உப்பில்லாத பட்டர் 250 கிராம், ஐசிங் சீனி 500 கிராம், வெள்ளைச் சொக்லேட் 150 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பட்டரை வெளிறும் வரை நன்றாக அடித்து, அரித்த ஐசிங் சீனியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.
2. சொக்லேட்டை மெல்லிய சூட்டில் உருக்குங்கள். வெள்ளைச் சொக்லேட் விரைவில் கருகும். சூடு ஆறிய பின்னரே பட்டரில் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டர் உருகிவிடும்.
3. கடைசியாகக் கலரைச் சேருங்கள். பட்டரில் ஏற்கனவே நீர் இருப்பதால் இதற்குச் சிறிதளவு ஜெல் கலரும் பொருந்தும்.

பட்டரும் வெள்ளைச் சொக்லேட்டும் மஞ்சள் சாயல் உள்ளவை. அதனால் நீலம் சேர்த்தால் பச்சை கலந்து தெரியும். முதலில் ஊதாக் கலரை ஊசி முனையளவு சேர்த்தால் மஞ்சள் தணியும். கறுப்பு வேண்டுமானால் கொக்கோ சேர்த்த ஐசிங்கிலிருந்து தொடங்குங்கள், கலர் மிச்சமாகும். நிறம் சில மணி நேரத்தில் மேலும் கடுமையாகும் என்பதால் முதல் நாளே கலந்து வைப்பது நல்லது.

சொக்லேட் இறுகிவிட்டால் வீசிவிடாதீர்கள். சூடான கிறீமைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் கேக்கின் நடுவில் பூசுவதற்கு உதவும்.

கொள்வனவில் கவனம்

லேபலை வாசிக்காமல் கலர் வாங்காதீர்கள். ஈ-120 என்பது கொச்சினீல் பூச்சியிலிருந்து பெறப்படும் சிவப்பு நிறம். அதைத் தவிர்க்கும் வாடிக்கையாளர்கள் நம்மிடையே உண்டு. வெண்மைக்காகச் சேர்க்கப்படும் ஈ-171ஐ ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது.

கேக் பொருட்கள் விற்கும் கடைக்காரர்கள் நீர்க் கலரையும் எண்ணெய்க் கலரையும் வேறுவேறு தட்டுகளில் வைத்து, "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வீட்டில் செய்பவர்கள் பழுதாகும் பொருளையும் செலவில் சேர்த்தே விலை குறிக்க வேண்டும்.

தான் விற்கும் பொருளின் தன்மையை அறிந்தவரிடமே வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.