டயரைக் கழற்றாமல் வெல்டிங் வைக்காதே

திருமயம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டிராக்டர் பின்சக்கரத்தில் வால்வு ஓரம் துருத்தண்ணீர் கசிகிறது, வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். ஆனால் டயரை மாட்டியபடியே வைத்துத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அந்தப் பட்டறை வாசலில் நிற்காதே. காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்து போகாது. ரிம்மில் ஏறும் சூடு உள்ளே ரப்பரைக் கருக்கும். அதிலிருந்து கிளம்பும் வாயு தீப்பிடித்தால் டயர் குண்டாக வெடிக்கும். வேலை முடிந்த பிறகுகூட வெடிக்கலாம்.

நம் பக்கம் கண்மாய்ப் பாசனம். சேற்றுழவில் சக்கரம் வழுக்கக் கூடாதென்று பின் டியூபில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புகிறோம். அது சொட்டுச் சொட்டாகக் கசிந்து டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே தங்கிவிடுகிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தகடு செதில் செதிலாக உதிரும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து நிரப்புவார்கள். அது கசிந்தால் இரும்பை இன்னும் வேகமாகத் தின்னும். நமக்கு அந்த வம்பு வேண்டாம்.

முன்சக்கரத்துக்குக் கல் வை. ஜாக்கி போட்டுத் தூக்கியதும் அச்சுக்கடியில் மரக்கட்டை கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடாதே. வால்வைக் கீழே கொண்டுவந்து அதன் உள்ளிருக்கும் பின்னைக் கழற்றினால் தண்ணீர் இறங்கும். அப்போதும் சக்கரம் கனக்கும், தனியாளாக இறக்காதே.

டயர், டியூப் இரண்டையும் கழற்றி, ரிம்மைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தியலால் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்னும், அரித்த தகடு மொத்தென்னும். அரித்ததன் மேல் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகட்டை வளைத்துப் பொருத்தி வெல்டிங் வை. வால்வுத் துளையைப் புதிதாகப் போடு. விரிசல் என்றால், அதன் இரு முனையிலும் சின்னத் துளை போட்டால்தான் மேலே ஓடாது. பிறகு கிரைண்டரால் பள்ளம் எடுத்து நிரப்பு. உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துத் தேய்க்கணும். ஒரு சின்னப் பிசிறு போதும், டியூபைக் கிழிக்க.

நம்ம ஊர் பெல் (BHEL) நிறுவனத்தின் குழாய்ப் பிரிவில் மின்நிலையக் குழாய்களைச் செய்கிறார்கள். அந்த மாதிரி வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உனக்குச் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் போதும். ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவு. ஓட்டை இருந்தால் வெள்ளையில் கறை ஊறும்.

டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தாலோ, டிஸ்க்கின் போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ காசு பார்க்காதே, புதிது வாங்கு. பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது.

மாட்டும்போது டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவு. விளிம்பு உட்கார வைக்க 35 பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றாதே, எதிரே நிற்காதே. அதற்குள் உட்காரவில்லையென்றால் இறக்கிவிட்டு மறுபடி தடவி ஏற்று. போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, முதல் நாள் உழவு முடிந்ததும் இன்னொரு தடவை முறுக்கிவிடு.

மாட்டும் முன் ரிம்மில் அடிக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாங்காதே, என்னிடம் அரை டப்பா மிச்சமிருக்கிறது. சந்தைக்கு வரும்போது எடுத்துக்கொள். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா