வேலையை எங்கே வைத்துச் செய்வது?

அன்புள்ள தங்கைக்கு,

உன் நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டாய், திருத்தம் அனுப்பவும் நான்கு பேர் வந்துவிட்டார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. எல்லாரையும் போல நிரல் தளமான கிட்ஹப்புக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். போகாமலே நடத்தலாம், நடத்து.

2002 முதல் லினக்ஸ் கர்னலின் மூலநிரலை பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருளில் வைத்து நிர்வகித்தார்கள். இலவசமாகக் கிடைத்தது, வேலையும் வேகமாக நடந்தது. கட்டற்ற மென்பொருளை இப்படி ஒரு கருவியை நம்பி வளர்க்கலாமா என்று அப்போதே சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். நிரலாளர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் சர்வரோடு பேசும் சிறு கருவியை எழுதப்போக, 2005இல் பிட்கீப்பரின் நிறுவனம் இலவச உரிமத்தையே நிறுத்திவிட்டது. அந்த ஏப்ரலில் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் நீ தினமும் தட்டுகிற கிட். அப்படிப் பிறந்த கருவியை வைத்துக்கொண்டு நாம் மறுபடியும் ஒரே நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கிட்டில் முழு வரலாறும் உன் கணினியிலேயே இருப்பதால் நிரல் தொலையாது. ஆனால் இஷ்யூக்கள், புல் ரிக்வெஸ்ட்கள், ஒரு வழியை ஏன் கைவிட்டோம் என்று நடந்த விவாதங்கள் எதுவும் கிட்டுக்குள் வருவதில்லை. அவை கிட்ஹப் நிறுவனத்தின் தரவுதளத்தில் கிடக்கின்றன. அந்த நிறுவனத்தை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டே, அமெரிக்கத் தடைச் சட்டங்களைக் காட்டி, ஈரானிலும் சிரியாவிலும் கிரிமியாவிலும் இருந்த நிரலாளர்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அவர்கள் செய்த குற்றம், அந்த இடங்களில் வாழ்ந்தது மட்டுமே.

அதனால் காரணங்களை கமிட் செய்தியிலேயே விரிவாக எழுது. 'சிறு திருத்தம்' என்று ஒரு வரியில் முடிக்காதே. எதைச் செய்து பார்த்தோம், ஏன் சரிவரவில்லை என்பதும் நிரலோடு சேர்ந்தே பயணப்படட்டும். பேட்சை மின்னஞ்சலில் அனுப்பவும் கற்றுக்கொள். கிட் ஃபார்மட்-பேட்ச், கிட் சென்ட்-ஈமெயில், வாங்கிச் சேர்க்க கிட் ஏஎம், அவ்வளவுதான். கர்னல் இன்றும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வளர்கிறது. மின்னஞ்சல் முகவரி தவிர, இதற்கு யாரும் எங்கும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

புதிதாக வருபவர்களுக்கு மின்னஞ்சல் மிரட்சி தரும் என்பதும் மெய். அவர்களுக்காக கோட்பெர்க்கில் ஓர் இடம் பிடி. பெர்லினில் லாப நோக்கமற்ற சங்கம் ஒன்று நடத்துகிற நிரல் தளம் அது. அதை இயக்கும் ஃபோர்ஜெஜோ கட்டற்ற மென்பொருள். நாளை உன் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். பழைய இடத்து இஷ்யூக்களையும் இழுத்துவர அதில் வசதி உண்டு.

கோட்பெர்க்கில் கூட்டம் குறைவு, உன் திட்டம் பலர் கண்ணில் படாது. அந்த இழப்பு உறுத்தினால் கிட்ஹப்பில் ஒரு நகலை மட்டும் வை. அங்கே இஷ்யூ பகுதியை மூடிவிட்டு, பேச்செல்லாம் நடக்கும் முகவரியை ரீட்மீயின் முதல் வரியில் எழுதிவிடு.

அன்புடன்,
அண்ணன்