கிழக்கு என்றால் கீழ்ப்பக்கமா?



நம்மிடம் யாராவது வழி கேட்டால் என்ன சொல்கிறோம்? "மேல் லயத்துக்குப் பக்கத்தில", "கீழ் டிவிசன்ல", "ஸ்டோருக்குக் கீழ" என்கிறோம். மலையில் இருப்பவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும்தான் அடையாளம். அதில் பிழையில்லை. ஆனால் காணி உறுதியில் அப்படி எழுதமாட்டார்கள். வடக்கே பாதை, கிழக்கே ஓடை என்று நாலு எல்லையும் திசையாலேயே எழுதப்படும். ஆகவே இம்முறை திசைச் சொற்களைப் படிப்போம்.

கிழக்கு என்பது 'கீழ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மேற்கு 'மேல்' என்பதிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் "மேக்கால" என்று சொல்வதிலும் இந்த 'மேல்'தான் இருக்கிறது. காரணம் என்ன? தமிழ்நாட்டின் தரையமைப்புதான். அங்கே மேற்கில் உயர்ந்த மலைத்தொடர், கிழக்கில் கடல். காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாம் கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. தண்ணீர் வரும் பக்கம் மேல், இறங்கும் பக்கம் கீழ். மொழி அறிஞர் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட நூலில் இந்த விளக்கம் உண்டு.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே மலை கிழக்கில், கடல் மேற்கில். ஆனாலும் மலையாளத்தில் உயரமான பக்கத்தை 'கிழக்கு' என்றே சொல்கிறார்கள். மேற்கை 'படிஞ்ஞாறு' என்பார்கள். ஞாயிறு படும் பக்கம், அதாவது சூரியன் மறையும் பக்கம் என்று பொருள்.

நம் முன்னோர் கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தச் சொற்களையும் சுமந்துகொண்டுதான் இங்கே வந்தார்கள். ஆனால் இங்குள்ள மலை தீவின் நடுவில் நிற்கிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி மேற்கே கொழும்புப் பக்கம் இறங்குகின்றன. மகாவலி கிழக்கே திருகோணமலைப் பக்கம் போகிறது. ஆகவே நமது மலையில் கிழக்கு சில இடத்தில் பள்ளம், சில இடத்தில் மேடு.

இதில்தான் கவனம் வேண்டும். உறுதியில் 'கிழக்கு எல்லை' என்று இருப்பதைக் கீழ்ப்பக்கம் என்று நினைத்து ஒருவர் குசினி கட்டிவிட்டால், அது பக்கத்து வீட்டுக்காரரின் துண்டாக இருக்கலாம். 7 பேர்ச் காணியில் இரண்டு அடி கூடப் பெரிய சண்டைதான்.

திசை அறிவது எப்படி? காலையில் சூரியனைப் பார்த்து நில்லுங்கள். முன்னால் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கை வடக்கு, வலது கை தெற்கு. ஆனால் சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச், செப்டெம்பர் மாதங்களில் 20ஆம் திகதியை ஒட்டித்தான். ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். ஆகவே காணி விஷயத்தில் சூரியனை மட்டும் நம்ப வேண்டாம். நில அளவை வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கையெழுத்து வைக்கும் முன் நில அளவையாளரோடு நாலு எல்லையும் நடந்து பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: உங்கள் லயத்தின் கிழக்குப் பக்கம் மேடா, பள்ளமா? ஓடைத் தண்ணீர் எந்தத் திசைக்கு ஓடுகிறது? படம் வரைந்து அம்மா அப்பாவிடம் காட்டுங்கள்.