பெரும்பாரைக்குப் பயண ராடு: எதைப் பார்த்து வாங்குவது?

அந்தமானுக்குப் பாரை பிடிக்கக் கிளம்புகிறவர், கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்துத் தன் பயணப் பெட்டியை அளக்கட்டும். பாப்பர் என்னும் தூண்டில் பொம்மையை வீசிப் பெரும்பாரையை இழுக்க ஏழரை அடியிலிருந்து எட்டடி நீள ராடு வேண்டும். ஏழரை அடி என்றால் 229 செ.மீ. அதைச் சரிபாதியாகப் பிரித்தாலும் ஒவ்வொரு துண்டும் 115 செ.மீ.; தனிக் குழாயில்தான் போகும். மூன்று சம துண்டென்றால் ஏறக்குறைய 80 செ.மீ.யில் முடிந்துவிடும். 28 அங்குலப் பெட்டியில் மூலைக்கு மூலை வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ‘இரண்டு துண்டு’ என்று விற்கும் சில ராடுகளில் கைப்பிடி மட்டுமே கழலும், மேல்துண்டே ஆறடி இருக்கும். கேட்டு வாங்குங்கள். ரேடியோ ஏரியல் போல இழுத்து நீட்டும் டெலிஸ்கோப் ராடு இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்து பலம். 2006இல் ஜப்பானின் டோக்கரா தீவுப் பகுதியில் பிடிபட்ட பெரும்பாரை 72.8 கிலோ. அவ்வளவு பெரியது மாட்டாவிட்டாலும், 20 கிலோ பாரையே பாறையிடுக்கை நோக்கி ஓடும். அங்கே போய்ச் சேருமுன் நிறுத்தியாக வேண்டும். ராடின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பிரெய்டு நரம்பு பிஇ (நரம்பின் தடிமனைச் சொல்லும் எண்) 6 முதல் 8 வரை, தூண்டில் பொம்மையின் எடை 120 கிராம் வரை தாங்குவது போதும். பிஇ 10 எழுதியதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாள் முழுக்க அதை வீசத் தோள் இடம் தராது.

பயண ராடின் உயிர் துண்டுகளின் இணைப்பில்தான் இருக்கிறது. கடையிலேயே பூட்டி ஆட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று சத்தம் வந்தால் வேண்டாம். பிறகு ரீலை மாட்டி, நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, அதன் நுனியைப் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் கட்டுங்கள். கடைக்காரர் தராசைப் பிடிக்க, ராடை 45 டிகிரிக்கு மேல் தூக்காமல் 5 கிலோ காட்டும்வரை மெல்ல இழுங்கள். வளைவு நுனியிலிருந்து கைப்பிடிவரை ஒரே சீராக ஓட வேண்டும். இணைப்புக்கு அருகில் மட்டும் விறைத்து நின்றால், வேறு ராடு பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்கமாட்டேன். வளையங்கள் இரண்டு கால் உள்ளவையாக இருக்கட்டும். ஒற்றைக்கால் வளையம் பெட்டிக்குள் எளிதில் கோணிவிடும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். நுனித்துண்டிலிருந்து தொடங்கிப் பூட்டுங்கள். சற்றுக் கோணலாகச் செருகி, வளையங்கள் நேர்கோட்டுக்கு வரும்வரை திருகி இறுக்குங்கள். தளர்ந்தால் ஆண்பக்கத்தில் மெழுகுவத்தியைத் தேய்க்கலாம். உப்புத்தாள் மட்டும் கூடாது. பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். வீசும்போது ஒடியும் பயண ராடுகளில் பல, இணைப்பு தளர்ந்ததைக் கவனிக்காததால்தான் ஒடிகின்றன. மீன் படகுக்கு அடியில் வந்ததும் ராடை வானத்தை நோக்கித் தூக்குவது ராடு ஒடிவதற்கு இன்னொரு பெரிய காரணம். விமானத்தில் போகும்போது மூன்றுமுனைத் தூண்டில் முட்களைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

ஐந்து துண்டு ராடு கைப்பெட்டிக்கே அடங்கும் என்பது உண்மைதான். சீலாவுக்கும் சிறு பாரைக்கும் அது சரி. பெரும்பாரைக்கு மூன்று துண்டே வாங்குங்கள். காசு மிஞ்சினால் அதே பெட்டியில் இரண்டாவதாக ஒரு ராடும் வைத்துக்கொள்ளுங்கள்.