மருந்துக்கு அடங்காத நெருப்புக்காய்ச்சலும் அதற்குரிய தடுப்பூசியும்

எரிபந்தம் கண்டபின் மருந்து தெளிப்பதிலும், அதனை எதிர்க்கும் நெல்லினத்தை முன்னரே விதைப்பது நன்றென்பதைக் கமக்காரராகிய நீங்கள் அறிவீர்கள். மனித உடம்புக்கும் இம்முறை பொருந்தும்.

நெருப்புக்காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியா நோயாளியின் மலத்துடன் வெளியேறி, அசுத்த நீராலும் பச்சையாக உண்ணும் கீரைகளாலும் பிறரை அடைகிறது. 1948 இல் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து இந்நோயைத் தீர்க்க வழிசெய்தது. ஆனால் 1972 இல் மெக்சிக்கோவில் அம்மருந்துக்கு அடங்காத இனம் பெருவாரியாகப் பரவிற்று. பின்வந்த மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக வலுவிழந்தன. 2016 இன் இறுதியில் பாக்கிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் தோன்றிய இனமோ ஐந்து வகை மருந்துகளை எதிர்த்து நின்றது. வாயால் உட்கொள்ளும் மருந்துகளுள் அசித்திரோமைசின் ஒன்றே எஞ்சியது எனலாம். மருந்தை வீணே உட்கொள்ளுந்தோறும் எதிர்ப்புள்ள பற்றீரியாக்களே பிழைத்துப் பெருகும்.

தடுப்பூசி செயற்படும் வழி வேறு. பற்றீரியாவைப் போர்த்திருக்கும் வெல்லப்பொருளாலான உறையை அது உடம்புக்கு முன்கூட்டியே காட்டி வைக்கிறது. மருந்தை எதிர்க்கும் இனமும் அதே உறையையே அணிந்திருப்பதால் உடம்பு அதனை இனங்கண்டு அழிக்கிறது. உறைப்பொருளை மாத்திரம் கொண்ட பழைய ஊசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. அப்பொருளை, நஞ்சு நீக்கப்பட்ட ஏற்புவலிப் புரதத்துடன் பிணைத்தபின்னரே ஆறு மாதக் குழந்தைக்கும் ஏற்ற ஊசி கிடைத்தது. இந்தியாவின் ஐதராபாத்திற் செய்யப்பட்ட இவ்வூசி 2018 இல் சிந்து ஐதராபாத்தின் குழந்தைகளுக்கு ஏற்றப்பட்டது. ஊர்ப்பெயரின் ஒற்றுமை வியப்புக்குரியதே. ஊசி பெற்ற குழந்தைகளிடையே, மருந்துக்கு அடங்காத அந்நோய் 100இற்கு 90இற்கு மேல் தடுக்கப்பட்டது. 2019 இல் பாக்கிஸ்தான் இதனைத் தன் வழமையான தடுப்பூசித் திட்டத்திற் சேர்த்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே.

ஆயினும் ஊசி நீரைச் சுத்தஞ் செய்யாது. சிலி நாட்டின் சந்தியாகோவில், மரக்கறித் தோட்டங்களுக்குக் கழிவுநீர் பாய்ச்சுவது 1991 இல் நிறுத்தப்பட்டதும் நெருப்புக்காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே வல்லாரை, சலாது முதலிய பச்சையாக உண்பனவற்றுக்குக் கழிவு கலந்த வாய்க்கால் நீரைப் பாய்ச்சாதீர்கள். சந்தைக்குக் கொண்டுசெல்லுமுன் அவற்றைத் தூய கிணற்று நீரிற் கழுவுங்கள். மலகூடக் குழி கிணற்றுக்கு இயன்றவளவு தூரத்தில் இருத்தல் வேண்டும். முன்னொரு நோய்க்கு வாங்கி எஞ்சிய குளிசைகளை வைத்தியர் கூறாது விழுங்க வேண்டாம்; காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பின் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைப் பரிசோதிப்பித்துக்கொள்ளுங்கள்.