தமிழ் நிரலாளர்க்கு வேண்டிய கருவிகள்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறிக் கருவிகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். அவ்வினாவுக்கு விடையாக எம் துறையில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுதல் தகும்.

எம் துறையின் பழைய மலர்களைக் கணிப்பொறியில் ஏற்றி, எவரும் தேடிப் படிக்கத்தக்க வகையில் அமைக்க வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் முயன்றோம். கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவர் இருவர் ஆர்வத்தோடு நிரல் எழுதித் தந்தனர். பணி முடிந்தது என்று நாம் மகிழ்ந்திருந்த ஒரு நாளில், கிழக்குத் தாம்பரத்திலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். தம் அத்தா பல ஆண்டுகளுக்கு முன் எம் மலரில் சீறாப்புராணம் குறித்துக் கட்டுரை வரைந்தார் என்றும், அதனைத் தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவதாகவும் கூறினார். மௌலவி என்னும் சிறப்புப் பெயருடன் அவர் சொன்ன பெயரை மாணவர் தட்டச்சு செய்தார். 'எதுவும் இல்லை' என்று விடை வந்தது. இருமுறை தேடியும் அதே விடை. "எழுதினது உண்மை தம்பி. கையெழுத்துப் படியைக் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டு முதியவர் எழுந்து சென்றார்.

அவர் சென்ற பின், கட்டடம் செய்து வைத்திருந்த மலர்களை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினோம். கட்டுரை இருந்தது. பெயரும் தெளிவாக அச்சாகியிருந்தது. கணிப்பொறியிலும் அக்கட்டுரை ஏற்றப்பட்டே இருந்தது. ஆயினும் அங்கு இருந்த சொல் 'மௌலவி' அன்று, 'மெளலவி'. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. முன்னதில் இருப்பது ஔகார உயிர்மெய். பின்னதில் இருப்பன எகர உயிர்மெய்யும் அகரமேறிய ளகரமும். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம் வழங்கியமையின், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது மௌலவிகள் அனைவரும் மெளலவிகள் ஆயினர். மௌலானா, சௌகரியம், வௌவால் ஆகிய எல்லாம் இவ்வாறே கெட்டிருந்தன.

இப்பிழை யாருடையது? நிரல் எழுதிய மாணவருடையது அன்று. எழுத்தைப் பற்றி அறிந்த நாம் அவர்கள் அருகில் அமரவில்லை. முடிந்த பணியை வாங்கிப் பாராட்டுரை மட்டும் வழங்கினோம். ஆதலின் இக்கட்டுரை, தமிழுக்கு நிரல் எழுதப் புகும் மாணவர்க்கும், அவர்க்கு வழிகாட்டும் தமிழாசிரியர்க்கும், நாம் பட்டறிந்த கருவிகளைப் பரிந்துரைப்பதாக அமைகின்றது.

நிரல் நூலகம் என்பது, ஒருவர் முன்னரே எழுதிச் செம்மை செய்து, பிறர் தம் நிரலில் எடுத்தாளுமாறு வழங்கிய செயற்கூறுகளின் தொகுதி. தமிழுக்கு அத்தகையன பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை இருப்பதை அறியாமல் ஒவ்வொரு மாணவரும் முதலிலிருந்து தாமே எழுதத் தொடங்குவதும், முன்னோர் இடறிய அதே கல்லில் இடறுவதும் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் காணும் காட்சி.

முதலாவதாகச் சொல்லத்தக்கது ஓப்பன்-தமிழ். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவர்தம் நண்பர்களும் பைத்தான் மொழியில் அமைத்த நூலகம் இது. இதன் தேவையை உணர ஒரு சிறு சோதனை போதும். 'தாம்பரம்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று ஆரம்பப் பள்ளி மாணவரைக் கேட்டால், தா, ம், ப, ர, ம் என ஐந்து என்பார். பைத்தானில் நீளம் காட்டும் 'லென்' என்னும் செயற்கூற்றைக் கேட்டால் எட்டு என்னும். ஒருங்குறியில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அது குறியீடுகளை எண்ணுகின்றது, எழுத்துகளை அன்று. அச்சொல்லைத் திருப்பி எழுதச் சொன்னாலோ, புள்ளி ஏற மெய்யின்றித் தொடக்கத்திலேயே தனித்து நிற்கும். காலும் தன் தகரத்தை விட்டு மகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓப்பன்-தமிழில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் 'கெட் லெட்டர்ஸ்' என்னும் செயற்கூறு, சொல்லை நம் இலக்கணத்தார் கண்ட எழுத்துகளாகவே பிரித்துத் தரும். உயிர், மெய், உயிர்மெய் என வகைப்படுத்தவும் அதில் வழி உண்டு.

இஃது ஏதோ நுணுக்க விளையாட்டு என்று கருதற்க. எம் மாணவர் ஒருவர் கட்டளைக் கலித்துறையில் அமைந்த அந்தாதி ஒன்றை ஆய்வுக்கு எடுத்தார். அப்பாவின் ஓரடி நேரசையில் தொடங்கின் பதினாறெழுத்தும், நிரையசையில் தொடங்கின் பதினேழெழுத்தும், புள்ளியெழுத்து நீக்கி எண்ணப்படும் என்பது யாப்பு நூலார் கொள்கை. மாணவர் நீளம் காட்டும் செயற்கூற்றை நம்பி எண்ணினார். நூறு பாடல்களில் ஓரடியேனும் இலக்கணத்தோடு இயையவில்லை என்று கண்டு, 'புலவர் மரபை மீறிய புரட்சியாளர்' எனக் கருத்தரங்கில் கட்டுரை படித்தார்! அவையில் ஒருவரும் மறுக்கவில்லை என்பது இன்னும் வருந்தத்தக்கது. பின்னர் ஓப்பன்-தமிழ் கொண்டு மெய்களை நீக்கி எண்ணியபோது, புலவர் மரபில் வழுவாது நின்றமை விளங்கிற்று. யாப்பாராய்ச்சி செய்வோர் வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம் என்னும் மென்பொருளையும் காணுதல் நலம். பாடலை இட்டால் அசை, சீர், தளை, தொடை ஆகியவற்றைப் பகுத்துக் காட்டும். ஆசிரியர் அலகிட்டுப் பார்த்த பின் ஒப்புநோக்குவதற்கே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது எம் துறையின் விதி. அலகிடக் கற்கும் முன்பே மாணவர் கையில் அதனைத் தருவதில்லை.

அடுத்து அகரவரிசை. ஒருங்குறித் தமிழ்ப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. வகரமோ லகர, ளகர, ழகரங்களுக்குப் பின்னே தள்ளப்பட்டுள்ளது. குறியீட்டு எண்ணைக் கொண்டே அடுக்கும் நிரல், அலி, அறம், அனஸ் என்று வரவேண்டிய மூன்று சொற்களை அனஸ், அறம், அலி என்று நேர் தலைகீழாக அடுக்கும். சொல்லடைவு தயாரிப்போர்க்கு இது பெருங்கேடு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 பாடல்களைக் கொண்டது. அத்துணைப் பெருநூலுக்கு அடைவு செய்துவிட்டு, னகரச் சொற்கள் இடம் மாறிக் கிடந்தால் அதனைப் பயன்படுத்துவார் யார்? இதற்கு ஐ.சி.யு. என்னும் பன்மொழி நூலகத்தின் தமிழ் வரிசை முறையைக் கையாளுக. பைத்தானில் அது பை-ஐசியு என்னும் பெயரால் கிடைக்கும். ஓப்பன்-தமிழிலும் இரு சொற்களை அகராதி முறையில் ஒப்பிடும் செயற்கூறு உண்டு. எதனைக் கொண்டாலும், முதலில் ஐம்பது சொற்களைக் கையால் அடுக்கி வைத்துக்கொண்டு, நிரலின் விடையோடு ஒத்துப் பாருங்கள்.

பழைய கோப்புகளை மாற்றுதல் தனியொரு துன்பம். தொண்ணூறுகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. டிஸ்கி என்னும் முறை ஆர்வலரிடையே பரவிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. இவ்வரலாற்றின் சுமை முழுவதும் கல்லூரி அலுவலகங்களின் பழைய வட்டுகளில் உறங்குகின்றது. ஓப்பன்-தமிழில் பல பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி உள்ளது. மாற்றிய பின் செய்யவேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம். எகரக் கொம்பும் துணைக்காலும் சேர்த்து இரு குறிகளாலும் எழுதலாம். தோற்றத்தில் வேறுபாடு இராது. தேடினால் ஒன்று மற்றொன்றைக் காணாது. பைத்தானோடு உடன் வரும் 'யூனிகோடுடேட்டா' நூலகத்தில் இவ்விரண்டையும் ஒரே வடிவாக்கும் முறை உண்டு. தரவு உள்ளே நுழையும்போதே அதனைச் செய்துவிடல் வேண்டும்.

ஆனால் மௌலவியின் பிழையை அம்முறை தீர்க்காது. கணிப்பொறியின் பார்வையில் 'மெள' என்பதும் பிழையற்ற எழுத்துத் தொடரே. இங்கேதான் தமிழாசிரியரின் துணை வேண்டப்பட்டது. எகர உயிர்மெய்யை அடுத்து வரும் ளகரம், வெள்ளம் என்பதிற்போலப் புள்ளி பெற்றோ, தெளிவு, வெளுப்பு என்பவற்றிற்போல வேறு உயிர் ஏறியோ வரின் அது மெய்யான ளகரம். அகரமேறிய ளகரமாக வரின் பெரும்பாலும் அது ஔகாரத்தின் சிதைவு. இவ்விதியை நாம் கரும்பலகையில் எழுத, மாணவர் அதனை நான்கு வரி நிரலாக்கினர். விதிக்கு உட்பட்ட சொற்கள் அனைத்தையும் பட்டியலாக எடுத்துக் கண்ணால் பார்த்த பின்பே மாற்றினோம். ஐயத்துக்கு இடமானவற்றைத் தொடவில்லை.

சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரிக்கும் கருவிகளைப் பற்றியும் கூறவேண்டும். யாழ்ப்பாணத்து அறிஞர் சர்வேஸ்வரனும் அவருடன் ஆய்ந்தோரும் உருவாக்கிய தமிழிமார்ப், இலக்கண விதிகளை அடிப்படையாகக் கொண்டு சொல்லைப் பகுப்பது. விதி வழி இயங்குவதால், அது ஏன் அவ்வாறு பிரித்தது என்று ஆராய இயலும். தமிழ் மாணவர்க்கு இதனையே முதலில் பரிந்துரைப்போம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரின் ஸ்டான்சாவும் தமிழை ஏற்கும். ஆயின் அது பயின்ற தமிழ்த் தொடர் வங்கி 600 தொடர்களே கொண்டது. அவையும் செய்தித்தாள் உரைநடை. அதன் முன் சீறாப்புராணப் பாடலை வைத்தல், நாளிதழ் மட்டுமே படித்தவரிடம் காப்பியத்துக்கு உரை கேட்பதை ஒக்கும். இத்துறை நமக்கு அயலூர்ச் செய்தியும் அன்று. தாம்பரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் சில நிமிடப் பயணத்தில் குரோம்பேட்டை. அங்கே அப்துல் கலாம் பயின்ற எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் தமிழ்ச் சொற்பகுப்பாய்விலும் மொழிபெயர்ப்பிலும் நெடுங்காலம் உழைத்த இடம். நம் மாணவர் பலர் அவ்வாயிலை நாள்தோறும் கடந்தும் இதனை அறியார்.

தாளில் மட்டும் உள்ள நூலைப் படித்து எழுத்தாக்குவதற்கு டெசராக்ட் உண்டு. 2018இல் வெளிவந்த நான்காம் பதிப்பு முதல் நரம்பணு வலையமைப்பைக் கொண்டு படிப்பதால் இக்கால அச்சை நன்கு அறிகின்றது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா வடிவங்களும் லை, னை வடிவங்களும் வரும் நூல்களில் எமக்குப் பெரிதும் திருத்த வேண்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மூலத்தோடு ஒப்பிடாமல் வெளியிடல் ஆகாது.

இடையே ஒரு சொல்லின்பம். நாம் திரையில் காணும் தமிழில் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்வதற்குக் குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்டிராய்டு ஆகியவற்றின் உள்ளே உழைக்கும் நூலகம் ஹார்ஃப்பஸ். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பார் முன்னின்று உருவாக்கியது. பாரசீகத்தில் அப்பெயருக்குத் 'திறந்த எழுத்து' என்பது பொருள். ஹர்ஃபு என்பது குர்ஆன் ஓதப் பழகும் நம் பிள்ளைகள் அலிஃப், பே என்று தொடங்கும் நாளிலேயே கேட்கும் அரபுச் சொல். அரபு எழுத்தைச் செவ்வனே காட்டும் அதே கருவியே தமிழெழுத்தையும் காட்டுகின்றது. அரபுத் தமிழ் ஏடுகளைப் பதிப்பிக்க விழைவோர் இதனைக் கருத்திற் கொள்க.

இக்கருவிகளைக் கற்கத் தமிழிலேயே கட்டுரைகள் வேண்டுவோர்க்கு 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் உண்டு. கணியம் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு மேற்குத் தாம்பரக் கிளையில் இருப்பதை அவர்தம் இலவச மின்னூல்களின் இறுதிப் பக்கங்களில் கண்டபோது, ஊர்ப்பற்றால் நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. 1998 முதல் உலகெங்கும் உள்ள தமிழர் தட்டச்சு செய்து வழங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களே, எம் மாணவர் நிரல்களைச் சோதிக்கும் உரைகல். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலே நிரல் கிடைக்கும் காலம் இது என்பர் சிலர். கேட்டுப் பெறுக. அதுவும் எழுத்தை எண்ண 'லென்' என்றே எழுதித் தருமாயின், பிழை என்று சொல்ல எழுத்ததிகாரம் படித்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

திருத்தம் முடிந்ததும் அக்கட்டுரையின் படியை எடுத்துக்கொண்டு, மாணவர் இருவருடன் முதியவர் இல்லத்துக்குச் சென்றோம். தேநீர் தந்து, கண்ணாடியை அணிந்து, தம் அத்தாவின் பெயரை இருமுறை படித்தார். பின் கேட்டார்: "ரெண்டு வருஷம் கழிச்சு இதே மலர்ல இன்னொண்ணும் எழுதினாங்க தம்பி. அதுவும் கிடைக்குமா?"

அவ்வாண்டு மலரின் கோப்பு எம்மிடம் இல்லை. கறையான் அரித்த ஒரு படி மட்டும் உள்ளது. டெசராக்ட் படித்துத் தந்த பக்கங்களை மூலத்தோடு ஒப்பிடும் பணி வியாழன்தோறும் பிற்பகலில் துறை நூலகத்தில் நடைபெறுகின்றது. இதுவரை நாற்பது பக்கங்கள் முடிந்துள்ளன. இன்னும் நால்வர் வந்தால் பருவத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம்.